கை வைக்கக் கூடாத கயிறு

தண்ணீர்ப் பம்பு வாங்கச் சிலாபத்துப் பக்கம் போன என் கணவர், ஒரு வின்ச்சோடு வந்து இறங்கினார். வாடகை லொறியின் பின்பக்கத்தில் மஞ்சள் நிறம் உரிந்த ஓர் இரும்புப் பூதம் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஓர் உருளை. அதில் என் சுண்டுவிரல் தடிப்பில் கம்பிக்கயிறு சுற்றியிருந்தது. அடியில் மண்ணைக் கவ்வுவதற்கு அகலமான தகடு. இதுதான் பம்பா என்று கேட்டேன்.

"பம்பு இல்ல. இது வின்ச். டிரக்டருக்குப் பின்னால மாட்டினா மரம் இழுக்கும்."

"அப்ப வெங்காயத்துக்குத் தண்ணி இதா இறைக்கும்?"

"கொஞ்சம் கோவிக்காம கேளு."

நான் கேட்கவில்லை. லொறிச் சாரதி தேநீரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் திட்டினேன். பாவம், அந்த மனிதர் சிங்களவர். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் தேநீரை அவசரமாக முடித்துக்கொண்டு இறக்க உதவி செய்தார். என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் அதற்கும் வேலை இருக்கிறது. நான் வேலியருகில் நின்று கூப்பிட்டால் ஆலங்குடாக் கடற்கரையில் நிற்கிற என் கணவருக்குக் கேட்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவருக்குக் கேட்பது உண்மைதான். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்டுவிடுவதுதான் பிரச்சினை.

வாப்பா எனக்கு விட்டுப்போன காணியில் பாதி தென்னை, ஓரத்தில் வெங்காயப் பாத்தி, கடலுக்குக் கிட்டிய மணல்பக்கம் முழுக்கச் சவுக்கு. யுத்தகாலத்தில் காற்றை மறிக்கட்டும் என்று வாப்பா நட்ட கன்றுகள்தான். யுத்தம் முடிந்து, காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கிய பிறகு, அவர்களுக்குக் குடில் போடுகிறவர்கள் சவுக்குக் கம்பு கேட்டு எங்கள் வேலிப்படலைக்கு வந்தார்கள். மரம் இருந்தது. அதை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. மணலில் கால் புதையப் புதைய, துண்டு துண்டாக அறுத்துத் தோளில் சுமக்க வேண்டும். நீளக் கம்பு வேண்டும் என்றால் ஆறேழு பேர் சேர வேண்டும். அந்த ஆறேழு பேரும் ஒரே நாளில் ஓய்வாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் வாப்பாவின் பழைய டிரக்டருக்குப் பின்னால் வின்ச்சை மாட்டினார். நான் வீம்புக்குப் பின்னால் போனேன். வேலை செய்யாது, அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிக்காட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். காற்றில் விழுந்த ஒரு சவுக்கு, தோப்பின் நடுவில், மற்ற மரங்களுக்கிடையில் கிடந்தது. அவர் கம்பிக்கயிற்றின் நுனியை இழுத்துக்கொண்டு போய், மரத்தின் அடியில் சங்கிலி போட்டுக் கொளுவினார். திரும்பி வந்து டிரக்டருக்குப் பக்கத்தில் நின்று, வின்ச்சிலிருந்து தொங்கிய சின்னக் கயிற்றைப் பிடித்தார். அதை இழுத்துப் பிடித்தால் உருளை சுற்றும். விட்டால் நின்றுவிடும். அவ்வளவுதான் அதன் வித்தை.

இழுத்தார். கம்பிக்கயிறு மணலிலிருந்து எழும்பி நேரானது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய மரம், முழு மரம், தானாக நகர்ந்தது! யாரும் தொடவில்லை, யாரும் மூச்சு வாங்கவில்லை. உதிர்ந்த சவுக்கு ஊசிகளைத் தள்ளிக்கொண்டு நேரே எங்களைப் பார்த்து வந்தது.

"யா அல்லாஹ்!" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய்க் கயிற்றை விட்டார். மரம் நின்றது.

"என்ன? என்ன நடந்த?"

"ஒண்டும் இல்ல. இழுங்க! ஏன் நிப்பாட்டினீங்க? இழுங்க!"

அன்றைக்குப் பகல் சோறு பிந்தியது. விழுந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. நான்தான் "அந்தா இன்னொண்டு, அந்தா இன்னொண்டு" என்று காட்டிக்கொண்டு முன்னால் ஓடினேன். பம்பைப் பற்றி நான் பிறகு பேசவில்லை. அவரும் கெட்டித்தனமாக ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் எங்கள் மண் அவ்வளவு இலகுவாக விட்டுக்கொடுக்கிற மண் இல்லை. அடுத்த தடவை ஒரு தென்னங்குற்றியை வேரோடு எடுக்கப் பார்த்தோம். இவர் கயிற்றை இழுக்க இழுக்க, குற்றி இருந்த இடத்திலேயே இருந்தது, டிரக்டர்தான் பின்னால் போய்க் குற்றியிடம் சேர்ந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இடத்தை மாற்றி நிறுத்தினோம். அங்கே ஈரம் பிடிக்கட்டும் என்று வாப்பா எந்தக் காலத்திலோ தேங்காய் மட்டைகளை அடுக்கிப் புதைத்த கிடங்கு இருந்திருக்கிறது. இரண்டு பேரும் மறந்துபோனோம். பின்சக்கரம் ஒன்று பாதிக்குமேல் உள்ளே போனது. அப்போதும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் குறைவாக. கடைசியில் கரைவலைக்காரர்கள் கடற்கரையில் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தென்னைக் கட்டை ஒன்றை ஆழக் குழிவெட்டிக் குறுக்கே புதைத்து, அதில் சங்கிலி போட்டு டிரக்டரைக் கட்டினோம். அதன் பிறகு குற்றி வந்தது. வேரும் மண்ணுமாக, பல்லைப் பிடுங்கியதுபோல வந்தது.

இன்னொரு கஷ்டம், இவர் நிற்கிற இடத்திலிருந்து மற்ற முனை தெரியாது. அந்த முனையில் நின்று கத்தினால், இஞ்சின் சத்தத்தில் என் குரல்கூட அவருக்குக் கேட்காது. கலியாணம் முடித்த காலத்திலிருந்து அதுதான் முதல் தடவை. ஆகவே நான் அவருக்குக் கண்ணானேன். கடற்கரையில் கிழிந்து ஒதுங்கிய ஒரு பட்டத்துணி, நல்ல செம்மஞ்சள் நிறம், அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தேன். இரண்டு முனையும் தெரிகிற இடத்தில், கம்பிக்கயிற்றிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு மேட்டில் ஏறி நிற்பேன். துணியை உயர்த்தினால் இழுக்க வேண்டும். இறக்கினால் நிறுத்த வேண்டும். என் துணி இறங்கியும் அவர் நிறுத்தாமல் விட்டதே இல்லை. வீட்டில் நூறு தடவை சொன்னாலும் கேட்காத மனிதர், அந்தத் துணிக்கு மட்டும் அப்படி அடங்கினார்.

சேதி பரவியது. ஒருவருக்குக் கிணற்றடிக் குற்றி, ஒருவருக்கு வாய்க்காலில் விழுந்த பனை, இன்னொருவருக்கு மணலில் புதைந்த உப்பு லொறி. பள்ளிவாசல்துறையிலிருந்துகூட ஆள் வந்து கூப்பிட்டது. நான் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு டிரக்டரின் மட்காட்டில் ஏறி உட்கார்ந்து போவேன். "கிழவியாகப் போற வயசுல இதென்ன ஊர்வலம்" என்று மாமி முணுமுணுத்தார். ஊர்வலம்தான். எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

கஷ்டம் முழுக்க வந்தது கைகளால்.

எங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது அந்த வழியால் போகிறவர் சும்மா போகமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கயிற்றில் கை வைப்பார். நாலு பிடி இழுத்தாலும் இழுத்ததுதான். வலையின் மடி கரைக்கு வந்ததும் அவருடைய கையிலும் கொஞ்சம் மீன் விழும். அதைக் கூலி என்று யாரும் சொல்வதில்லை, கேட்டு வாங்குவதும் இல்லை. கயிறு இறுகி நிற்கிறபோது கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரைத்தான் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். இந்தப் பழக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்கள் கம்பிக்கயிறு இறுகி நிற்பதைக் கண்டால் என்ன செய்வார்கள்? ஓடிவந்து பிடித்தார்கள்.

முதல் தடவை எனக்கு உயிர் போய்விட்டது. வாழைத்தோட்டம் ஒன்றின் ஓரத்தில் குற்றி இழுத்துக்கொண்டிருந்தோம். கடற்கரையிலிருந்து வந்த மூன்று பேர், ஒரு சொல் பேசாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியில் கை வைத்தார்கள். அவர்களில் ஒருவர் கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. நல்ல உயரம், நல்ல தொந்தி, ஊருக்கே மூத்த அண்ணன் மாதிரி, எல்லோருக்கும் நானா. நான் துணியை இறக்கிவிட்டு ஓடினேன்.

"கைய எடுங்க! நானா, கைய எடுங்க! அறுந்தா கையே இரிக்காது!"

"அறுந்தாப் பாப்பம் புள்ள. நாலு கை பட்டா வேலைக்குப் பரக்கத்து."

"உங்கட பரக்கத்த வலையில வெச்சிக்கொள்ளுங்க. இது இரும்பு!"

சம்மாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. கையை எடுத்தார், ஆனால் மற்றவர்களைப் பார்த்து, "டிரக்டர் வந்ததும் மனிசன்ட கை ஹராமாப் போச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர்களைத் தென்னைக்கு அப்பால் துரத்திவிட்டு மறுபடி ஏறி நின்று துணியை உயர்த்தினேன். அந்த இழுவையில்தான் குற்றியில் போட்டிருந்த கொளுவி தெறித்தது. கம்பிக்கயிறு ஒரு சீறலோடு பக்கவாட்டில் பறந்தது. அடுத்த கணம் பார்த்தால், அந்த மூன்று பேரும் முதலில் நின்ற இடத்துக்கு நேரே ஒரு வாழை இடுப்புயரத்தில் அறுபட்டு, மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

சம்மாட்டி அந்த வாழையின் வெட்டைக் கையால் தடவிப் பார்த்தார். இனிப் புத்தி வந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே! அடுத்த கிழமை உப்பு லொறியை இழுத்தபோது வேறு இரண்டு பேர் கம்பியை நோக்கி வந்தார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தியவர் சம்மாட்டிதான். தடுத்துவிட்டு, தானே மறதியாக ஒரு கையை நீட்டினார். என் கத்தலில் வெட்கப்பட்டு அதைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார்.

அந்த வருசம் கடலிலிருந்து வருகிற சோளகக் காற்று வழக்கத்தைவிட மூர்க்கமாக அடித்தது. ஒரு நாள் விடிய என் தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ராத்தா, வேம்பு சரியுது."

அவளுடைய வீடு எங்களிலிருந்து இரண்டு காணி தள்ளி. அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வது. எனக்கு வாப்பா தன் கையால் கட்டித் தந்தார். தங்கச்சிக்கு அத்திவாரம் போட்டு, சுவர் நெஞ்சளவுக்கு வந்தபோது மௌத்தாகிவிட்டார். மீதியை நானும் என் கணவரும் கட்டினோம். கல் அடுக்கியதில் பாதி என் கை. ஓடு போட்ட அன்றைக்கு நான் கூரைக்குக் கீழே நின்று அழுத அழுகையில், அவளுக்குக் கலியாணம் அன்றைக்குத்தானாக்கும் என்று வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில் லொறி ஓட்டுகிறார். இங்கே அவளும் குழந்தையும்தான். அந்த வீட்டை விட்டால் அவளுக்கென்று வேறொன்றும் இல்லை.

போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு மேற்கே நின்ற அந்தப் பெரிய வேம்பு, ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத மரம், காற்றுக்குச் சரிந்து கூரைக்கு மேலே கவிந்து நின்றது. கடல்பக்க வேர் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்திருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் அடிமண் எழும்பி இறங்கியது. நான் அதில் காலை வைத்துப் பார்த்தேன். தூங்குகிற மாட்டின் விலாவில் கால் வைத்ததுபோல இருந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

மரம் வெட்டுகிறவரைக் கூட்டிவந்து காட்டினோம். அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெட்டினா நேரா வீட்டுக்குள்ளதான் விழும். நான் கை வைக்க மாட்டன்" என்றார். தங்கச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டுக்கு வா என்றேன். மாட்டேன் என்றாள்.

"நான் வெளிய போனா இது உழுந்துரும் ராத்தா. நான் இரிந்தா உழாது."

"நீ என்ன முட்டுக் கம்பா? வா என்டா வா!"

வரவில்லை. குழந்தையை மட்டும் எங்களோடு அனுப்பிவிட்டு, கடைசி அறையில் பாயைப் போட்டுக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். என் கணவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கடல்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உயரத்துல வயரக் கட்டி, அந்தப் பக்கம் இழுத்துப் பிடிச்சிக்கொண்டு வெட்டினா?"

மரம் வெட்டுகிறவர் யோசித்தார். "வயர் விடாது என்டா வெட்டலாம்."

கிராம சேவகரிடம் அனுமதி எடுத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கி ஜும்ஆத் தொழுகைக்கு முதல் முடிப்பது என்று திட்டம். பின்னேரம் ஆனால் காற்று ஏறிவிடும். அதைவிட முக்கியம், காலையில் என்றால் ஆண்கள் எல்லாம் அவரவர் வேலையில் இருப்பார்கள், வேடிக்கை பார்க்க ஆள் வராது. ஊரில் ஒருவருக்கும் மூச்சு விடக் கூடாது என்று இவரிடம் சொல்லி வைத்தேன்.

திட்டம் போட்டபடி எது நடந்தது? மரம் விழுகிற வழியில் டிரக்டர் நிற்க முடியாது என்பதால், கம்பியைத் திருப்புகிற கப்பியைப் பிணைக்கக் கடல்பக்கம் தென்னைக் கட்டை புதைக்க வேண்டும். தோண்டிய இடத்தில் வீடு கட்டியபோது நாங்களே புதைத்த உடைந்த கல்லெல்லாம் வந்தது. வேறு இடம் பார்த்துத் தோண்டி, கட்டையைப் புதைத்து, வேம்பில் ஏணி வைத்து ஏறி உயரத்தில் கம்பியைக் கட்டி, கடல்பக்கக் கப்பியில் போட்டு, வடக்கே தள்ளி நின்ற டிரக்டருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பாங்கு சொல்லிவிட்டது. என் கணவரும் மரம் வெட்டுகிறவரும் கைகாலைக் கழுவிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார்கள். போனது இரண்டு பேர். வந்தது முழுப் பள்ளியும்!

வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக வேலியோரம் நிறைந்துவிட்டது. முன்னால் சம்மாட்டி. என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் டிரக்டருக்குப் போய்விட்டார். அவர் வாய் திறக்கவில்லை, மரம் வெட்டுகிறவர்தான் திறந்திருக்கிறார். தங்கச்சியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தெற்கு வேலிக்கு அப்பாலிருக்கிற வீட்டில், குழந்தையோடு விட்டேன். "இதுக்கு வெளிய கால வெச்சா முறிப்பன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து பார்க்கிறேன், காற்று ஏறிவிட்டது. வேம்பு முனகுகிறது. கம்பியை இவர் மெல்ல இறுக்கி வைத்திருக்கிறார். இறுகிய கயிற்றைக் கண்ட அத்தனை பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருக்கிறார்கள்! எனக்கு அறுபட்ட வாழை கண்ணுக்குள் வந்தது. இத்தனை பேரையும் நான் கத்தித் துரத்தி முடிக்கிறதுக்குள் மரம் தானாக விழுந்துவிடும். வீட்டுக்கு அனுப்பவும் ஏலாது, சும்மா நிறுத்தி வைக்கவும் ஏலாது. அப்போதுதான் எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது.

"நானா, உங்கட கரைவலைக் கயிறு எங்க?"

"கடற்கரை வாடியில."

"எடுத்துட்டு வாங்க. நீங்க எல்லாரும் பிடிக்கத்தான் வேணும். ஆனா உங்களுக்கு வேற கயிறு."

ஆள் ஓடியது. கயிறு வந்தது. மரம் வெட்டுகிறவர் மறுபடி ஏறி, கம்பிக்குப் பக்கத்தில் அதைக் கட்டினார். அதைத் தெற்குப் பக்கம், வெறும் தோட்டத்துக்குள், மரம் எந்தப் பக்கம் விழுந்தாலும் எட்டாத தூரத்துக்கு நீட்டினேன். கம்பியிலிருந்து எவ்வளவு தூரமாக அவர்களைக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம். உண்மையைச் சொன்னால், கைக்கு ஒரு வேலை கொடுத்துக் கம்பியை மறக்கச் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அழுகிற பிள்ளைக்குச் சாவிக்கொத்தைக் கொடுக்கிறதில்லையா, அதுபோல.

"இதுல என்ன செய்ற?" என்று சம்மாட்டி கேட்டார்.

"தொங்கலா இல்லாம பிடிச்சிக்கொண்டு நில்லுங்க. நான் சொன்னா இழுங்க."

"சொல்லாம?"

"சொல்லாம மூச்சும் விடாதீங்க."

வீடு கட்டி மிஞ்சிய கற்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. அதன்மேல் ஏறி நின்றேன். ஒரு பக்கம் டிரக்டர், ஒரு பக்கம் மரத்தின் உச்சி, நடுவில் கம்பி. பிஸ்மி சொல்லித் துணியை உயர்த்தினேன்.

கம்பி பாடத் தொடங்கியது. வேம்பின் உச்சி கூரையிலிருந்து ஒரு முழம் விலகியது. இன்னொரு முழம். இறக்கினேன். மரம் அறுக்கிற மெஷின் அலறியது. மரம் வெட்டுகிறவர் கடல்பக்கம் ஆப்புப்போல ஒரு வாய் வெட்டி, பின்பக்கம் அறுக்கப் போனார். உயர்த்தினேன். மரம் நிமிர்ந்தது! காற்றுக்கு எதிராக, வந்த வழியே நிமிர்ந்தது. நான் கற்களின்மேல் துள்ளினேன். நிமிர்ந்து நேராக நின்ற மரம், ஒரு கணம் எந்தப் பக்கமும் இல்லாமல் நின்றது.

அந்தக் கணத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல ஒரு காற்று வந்தது. தென்மேற்கிலிருந்து, கடலைத் தூக்கிக்கொண்டு வந்ததுபோல. மரத்தின் தலை கடல்பக்கம் போகாமல் திரும்பியது. வடக்கே, சமையலுக்கென்று முன்னுக்கு நீட்டிக் கட்டிய குசினிப் பக்கம். அடியில் மரம் முறுகிற சத்தம் கேட்டது. கம்பி கடல்பக்கம்தான் இழுக்கும், அதற்கு வேறு பக்கம் தெரியாது. துணியை உயர்த்துவதா இறக்குவதா? உயர்த்தினாலும் குசினி போகும், இறக்கினாலும் குசினி போகும். வாப்பா நெஞ்சளவு கட்டிய சுவர் அந்தக் குசினியில்தான் இருக்கிறது.

நான் கயிற்றுக்காரர்களைப் பார்த்துக் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இழுங்க என்றுதான் இருக்கும். என் வாய் படைக்கப்பட்டதே அந்தக் கத்தலுக்காகத்தான் போலிருக்கிறது. அத்தனை வெள்ளைச் சட்டையும் ஒரே நேரத்தில் பின்னால் சாய்ந்தது. சம்மாட்டி "யா அல்லாஹ்" என்று முதலடி எடுத்துக்கொடுக்க, எல்லோரும் சேர்ந்து வாங்கினார்கள். மடி நிறைய மீன் வரும்போது இழுக்கிற இழுவை. குதிகால்கள் மணலைக் கிழித்தன. தொப்பிகள் பறந்தன. மரத்தின் தலை குசினிக்கு மேலே நின்று, நடுங்கி, மெல்லத் தெற்கே திரும்பியது. இன்னும், இன்னும். நேராக வந்ததும் துணியை வானத்துக்கு உயர்த்தினேன். கம்பி இழுத்தது. வேம்பு கடலைப் பார்த்து விழுந்தது.

நிலம் அதிர்ந்து நான் கற்குவியலில் இருந்து சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். இலையும் தூசியும் அடங்கியதும் முதலில் குசினியைத்தான் பார்த்தேன். ஒரு ஓடுகூட உடையவில்லை. ஒரு ஓடுகூட! ஓடிப்போய் என் கணவரைக் கட்டிப் பிடித்தேன், அத்தனை பேருக்கும் முன்னால். அவர் கூச்சத்தில் இஞ்சினை நிறுத்த மறந்துபோனார்.

சம்மாட்டி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன புள்ள, வலை கரைக்கு வந்தாச்சு. எங்கட பங்கு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "வெட்டி எடுத்துட்டுப் போங்க. அடிமரம் மட்டும் அவளுக்கு, மிச்சம் எல்லாம் உங்களுக்கு" என்றேன். கொப்பு கொப்பாக முறித்தார்கள். கயிற்றில் கை வைத்த ஒவ்வொருவரும் தோளில் ஒரு வேப்பங்கொப்போடு புறப்பட்டார்கள்.

கொப்பைத் தூக்கியவர்கள் விலக விலகத்தான் கயிற்றின் வால் எனக்குத் தெரிந்தது. கடைசி ஆளுக்கும் பின்னால், வேலியோரம், மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் தங்கச்சி. முந்தானை சரிந்து, தலையெல்லாம் மண். குழந்தை அடுத்த வீட்டுக்காரியின் இடுப்பில் இருந்தது. எல்லோரும் விட்டுவிட்டுப் போன கயிற்றை அவள் இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காலை முறிப்பேன் என்று சொல்லியிருந்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டுதான் போனேன். முழங்காலில் உட்கார்ந்து, விரல் விரலாக அவளுடைய கையைக் கயிற்றிலிருந்து எடுத்தேன். இரண்டு உள்ளங்கையும் குறுக்கே தோல் உரிந்து சிவந்திருந்தது.

"உனக்கு என்ன சொல்லிட்டுப் போனன்?"

"ஊரே கை வெச்சிச்சே ராத்தா," என்றாள். "என்ட வீட்டுக்கு நான் கை வைக்காட்டி எப்பிடி?"

இடுப்பிலிருந்த பட்டத்துணியை இரண்டாகக் கிழித்து, அவளுடைய இரண்டு கைக்கும் சுற்றிக் கட்டினேன். பிறகு எழும்பிப் போய், விழுந்து கிடந்த மரத்தில் நல்ல கொப்பாக ஒன்றைப் பார்த்து முறித்துக்கொண்டு வந்து அவளுடைய மடியில் வைத்தேன்.